உயிராற்றல் வேளாண்மை: மூன்று கணக்குகள்

தோட்டத்து லயங்களில் வாழ்ந்தவர்களுக்கு இரண்டு வகை உரங்களின் வாசனை நன்றாகத் தெரியும். ஒன்று, லயத்துக்குப் பின்னால் இருந்த மாட்டுக் கொட்டகையின் வாசனை. அந்தச் சாணத்தைக் கூடையில் அள்ளிக் கொண்டுபோய்க் கத்தரிக்கும் வெண்டைக்கும் போட்டார்கள் நம் தாய்மார்கள். அதற்குக் காசு கொடுத்ததில்லை. மற்றொன்று, லாரியில் வந்து இறங்கிய உர மூட்டையின் வாசனை. விடியற்காலைப் பெரட்டு முடிந்ததும் அதை வாளியில் நிரப்பிக்கொண்டு, நிரை நிரையாக நடந்து மரத்தடியில் வீசினோம். அதற்கு விலை உண்டு. அந்த விலை ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

அந்த மூட்டை வராமலே ஒரு தோட்டம் நடக்குமா? நடந்தால் எத்தனை காலம் நடக்கும்? கட்டுப்படியாகுமா? இந்தக் கேள்விகளைக் கேட்ட விவசாயிகளின் வரலாறு நூறு ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. அவர்கள் கைக்கொண்ட முறைக்குப் பயோடைனமிக் என்று பெயர். தமிழில் உயிராற்றல் வேளாண்மை என்கிறோம்.

இந்த வரலாற்றை நாம் மூன்று கணக்குகளாகப் பார்ப்போம். முதலாவது மண்ணின் கணக்கு. இரண்டாவது பணத்தின் கணக்கு. மூன்றாவது உழைக்கும் கையின் கணக்கு. மூன்றாவது கணக்கைப் பலர் எழுதுவதே இல்லை. ஆனால் நம் குடும்பங்களுக்கு அதுதானே முதற்கணக்கு?

முதலில் மூட்டை எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பயிர் வளரத் தழைச்சத்து வேண்டும். நம்மைச் சுற்றியுள்ள காற்றில் அது ஏராளம் உண்டு. ஆனால் பயிர் அதை நேராக எடுத்துக்கொள்ள இயலாது. மொச்சை, பயறு போன்ற செடிகளின் வேரில் வாழும் நுண்ணுயிர்கள்தாம் அதைப் பிடித்துத் தருகின்றன. இல்லையேல் சாணமும் தழையும் மக்கி மண்ணில் சேர வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர்கள் இதற்கு வேறொரு வழி கண்டார்கள். பெரு நாட்டுத் தீவுகளிலிருந்து கடற்பறவைகளின் எச்சத்தையும், சிலி நாட்டுப் பாலைவனத்திலிருந்து வெடியுப்பையும் கப்பல் கப்பலாக ஏற்றிச் சென்று வயலில் போட்டார்கள்.

1909ஆம் ஆண்டில் பிரிட்ஸ் ஹாபர் என்ற ஜெர்மானிய இரசாயன அறிஞர் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து அம்மோனியாவாக மாற்றிக் காட்டினார். கார்ல் பாஷ் என்பவர் அதைப் பெருந்தொழிலாக்கினார். 1913இல் ரைன் நதிக்கரையில் உள்ள ஓப்பாவு என்னும் ஊரில் ஆலை ஓடத் தொடங்கியது. மறு ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது. உரத்துக்கு உதவும் அதே பொருள் வெடிமருந்துக்கும் உதவும் அல்லவா? நான்கு ஆண்டுகள் ஆலைகள் போருக்கு உழைத்தன. போர் முடிந்ததும் வயல்களுக்கு உழைக்கத் திரும்பின. 1921ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் ஓப்பாவு ஆலையில் குவித்து வைத்திருந்த உரம் வெடித்தது. 500க்கும் மேற்பட்ட மக்கள் மாண்டனர். உரமும் வெடிமருந்தும் எத்தனை நெருங்கிய உறவு என்பதை உலகம் அன்று கண்டது.

இந்தப் புதிய உரத்தால் விளைச்சல் பெருகியது உண்மை. இன்றும் உலக மக்களில் பெரும்பகுதியினர் உண்ணும் உணவு அதை நம்பியே இருக்கிறது. அதை நாம் மறந்துவிடக் கூடாது. ஆனால் அக்காலத்திலேயே சில விவசாயிகளின் மனத்தில் ஐயம் எழுந்தது. விதை முன்போல் வீரியமாக இல்லை, கால்நடைகளுக்கு நோய் கூடுகிறது, மண் இறுகிப் போகிறது என்று அவர்கள் பேசிக்கொண்டார்கள். தங்கள் ஐயத்தை ருடால்ப் ஸ்டைனர் என்பவரிடம் கொண்டு சென்றார்கள்.

ஸ்டைனர் 1861இல் பிறந்தவர். ஆஸ்திரியப் பேரரசில் ரயில்வே ஊழியர் ஒருவரின் மகன். தத்துவம் பேசியவர்; பள்ளிக்கூடங்கள் நிறுவத் தூண்டியவர். விவசாயி அல்லர். 1924ஆம் ஆண்டு ஜூன் மாதம் 7ஆம் நாள் முதல் 16ஆம் நாள் வரை, கோபர்விட்ஸ் என்னும் ஊரில் அவர் எட்டு விரிவுரைகள் ஆற்றினார். அன்று அது ஜெர்மனியின் கிழக்குப் பகுதியில் இருந்தது. இன்று போலந்து நாட்டில் இருக்கிறது.

நேயர்களே, கோபர்விட்ஸ் எப்படிப்பட்ட இடம் தெரியுமா? அது ஒரு தோட்டம்! சர்க்கரைக் கிழங்கு பயிரிடும் மிகப்பெரிய எஸ்டேட். கார்ல் வான் கைசர்லிங்க் என்னும் பிரபு அதை நிர்வகித்து வந்தார். நிலக்கிழார்களும் பண்ணை நடத்துவோரும் தோட்டக்கலை அறிந்தவர்களுமாக நூற்றுக்கு மேற்பட்டோர் பெரிய பங்களாவில் கூடியிருந்து கேட்டார்கள். கிழங்கு தோண்டும் கூலியாட்களுக்காக நடத்தப்பட்ட வகுப்பு அல்ல அது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. இந்த முறை பிறந்தபோதே மேடையில் பேசப்பட்டது மண்ணைப் பற்றி. மண்ணில் குனிந்து நிற்பவரைப் பற்றியல்ல என்பதை நினைவில் வைப்போம்.

அப்படி அவர் என்னதான் சொன்னார்? அவர் சொன்னவற்றை இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

முதலாவது, ஒரு பண்ணை ஓர் உடம்பைப் போன்றது என்பது. உடம்பில் கண்ணும் வயிறும் காலும் ஒன்றையொன்று தாங்குவது போல, பண்ணையில் மாடும் புல்லும் பயிரும் மரமும் ஒன்றையொன்று தாங்க வேண்டும். மாட்டுக்கு வேண்டிய தீனி அந்தப் பண்ணையிலேயே விளைய வேண்டும். பயிருக்கு வேண்டிய எரு அந்த மாட்டிடமிருந்தே வர வேண்டும். வெளியிலிருந்து வாங்குவது எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்குப் பண்ணை நலமாக இருக்கிறது. இது நம் பாட்டன்மார் விவசாயம்தானே என்று நீங்கள் நினைக்கலாம். ஆம், பெரும்பாலும் அதுதான்.

இரண்டாவது, சில தயாரிப்புகள். பசுவின் கொம்பில் சாணத்தை நிரப்பிக் குளிர்காலம் முழுதும் மண்ணுக்குள் புதைத்து வைப்பது. வசந்தத்தில் தோண்டியெடுத்துச் சிறிதளவைத் தண்ணீரில் இட்டு, ஒரு மணி நேரம் வலமும் இடமுமாகச் சுழற்றிக் கலக்கி நிலத்தில் தெளிப்பது. இன்னொரு கொம்பில் பளிங்குக் கல்லை மாவாக அரைத்து நிரப்பிக் கோடைக்காலத்தில் புதைப்பது. மேலும் ஆறு வகை மூலிகைச் சரக்குகளை எருக்குழியில் சேர்ப்பது. இவை வானத்தின் ஆற்றலை மண்ணுக்குக் கொண்டு வரும் என்று ஸ்டைனர் நம்பினார். பிற்காலத்தில் மரியா துன் என்னும் ஜெர்மானியப் பெண்மணி, நிலவின் நிலையைப் பார்த்து விதைக்கும் நாட்காட்டியை 1963 முதல் வெளியிட்டு வந்தார். வளர்பிறையில் விதைப்பது நம் ஊரிலும் உண்டு. ஆகவே இது நம்மவருக்குப் புதுமையாகத் தோன்றாது.

ஸ்டைனர் 1925ஆம் ஆண்டு மார்ச் மாதம் மறைந்தார். அவர் சொன்னதைச் செய்து பார்க்கும் பொறுப்பு விவசாயிகள் தலையில் விழுந்தது. செய்து பார்த்தவர்களுக்கு விரைவில் பணக் கணக்கு எதிரே வந்து நின்றது. விளைச்சல் குறைவு, வேலை அதிகம். சந்தையில் எல்லாக் கோதுமையும் ஒரே விலை. பிறகு எப்படிப் பிழைப்பது? 1928இல் அவர்கள் தங்கள் விளைபொருளுக்கென்று ஒரு பெயரைப் பதிவு செய்தார்கள். தானியங்களின் தெய்வம் என்று பழங்காலக் கிரேக்கர்கள் வணங்கிய டிமீட்டர் என்னும் பெயர் அது. அந்த முத்திரை உள்ள பொருள் இன்ன முறையில் விளைந்தது என்று வாங்குவோர் அறிந்து, கூடுதல் விலை கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இன்று அங்காடிகளில் காணும் இயற்கை விவசாய முத்திரைகளுக்கு முன்னோடி அதுவே எனலாம்.

இனி வரலாற்றின் இருண்ட பக்கம். அதை மறைத்துவிட்டுச் செல்வது முறையன்று.

1933இல் ஹிட்லர் ஜெர்மனியில் ஆட்சிக்கு வந்தார். ஸ்டைனரின் தத்துவச் சங்கத்தை 1935இல் அவ்வரசு தடை செய்தது. ஆனால் உயிராற்றல் விவசாயிகளின் அமைப்பு மேலும் சில ஆண்டுகள் இயங்கியது. அதன் தலைவர்கள் சிலர் அந்த ஆட்சியாளரோடு ஒத்துப்போனார்கள். 1941இல் அந்த அமைப்பும் தடை செய்யப்பட்டது. எனினும் முறை தடைப்படவில்லை. மியூனிக் நகருக்கு அருகிலுள்ள டாக்காவ் சிறைமுகாமில் ஹிட்லரின் காவற்படை ஒரு பெரிய மூலிகைப் பண்ணையை நடத்தியது. அங்கே உயிராற்றல் முறையைக் கையாண்டார்கள். அம்முறையில் தேர்ந்த தோட்டக்காரர் ஒருவரே மேற்பார்வை பார்த்தார். மண்ணுக்கு நஞ்சு கிடையாது; மக்கிய எரு போட்டார்கள். ஆனால் அந்த மண்ணைக் கொத்தியவர்கள் கைதிகள். பட்டினியாலும் அடியாலும் அங்கே பலர் மடிந்தார்கள். அந்த இடத்தை முகாமில் எப்படி அழைத்தார்கள் தெரியுமா? 'பிளான்டாஜ்' என்று. தோட்டம் என்பது அதன் பொருள்.

இதனால் அந்த முறையே தீயது என்று நாம் சொல்லவில்லை. கத்தி காய் நறுக்கவும் உதவும், கழுத்தறுக்கவும் உதவும். ஆனால் ஒன்று விளங்குகிறது. மண்ணை நன்றாக நடத்துவதும் மனிதரை நன்றாக நடத்துவதும் வேறு வேறு. ஒன்று இருந்தால் மற்றதும் இருக்கும் என்று எண்ணுவது தவறு. மூன்றாவது கணக்கைத் தனியாக எழுத வேண்டும் என்று நாம் சொன்னது இதனால்தான்.

போருக்குப் பின் இந்த முறை பல நாடுகளுக்குப் பரவியது. பரவப் பரவ, இது உண்மையிலேயே பலன் தருகிறதா என்ற கேள்வியும் வலுத்தது. நம்பிக்கையைக் கொண்டு விடை சொல்ல முடியாது. அளந்து பார்க்க வேண்டும். 1978இல் சுவிட்சர்லாந்தில், பாசல் நகருக்கு அருகே தெர்வில் என்னும் ஊரில் ஒரு சோதனை தொடங்கினார்கள். ஒரே வயலைச் சிறு சிறு பாத்திகளாகப் பிரித்தார்கள். சிலவற்றில் உயிராற்றல் முறை. சிலவற்றில் சாதாரண இயற்கை முறை. சிலவற்றில் இரசாயன உரமும் மருந்தும். கோதுமை, உருளைக்கிழங்கு, தீவனப்புல் என்று பயிர்களை மாற்றி மாற்றி நட்டார்கள். 21 ஆண்டுகள் அளந்து, முடிவை 2002இல் வெளியிட்டார்கள்.

மண்ணின் கணக்கு என்ன சொன்னது? இரசாயனம் போடாத பாத்திகளில் மண்புழுவின் எண்ணிக்கையும் எடையும் 1.3 முதல் 3.2 மடங்கு வரை அதிகம். மண்ணின் நுண்ணுயிர்கள் உயிராற்றல் பாத்திகளில்தான் மிகுதி. உரமும் அதற்கான எரிபொருளும் 34 முதல் 53 விழுக்காடு வரை குறைவாகவே தேவைப்பட்டன. பூச்சி மருந்து 97 விழுக்காடு குறைந்தது. விளைச்சலோ சராசரியாக 20 விழுக்காடுதான் குறைந்தது. கோதுமையில் குறைவு பத்தில் ஒரு பங்கு. உருளைக்கிழங்கில் அடி பலமாக விழுந்தது. இரசாயனப் பாத்தியில் 100 மூட்டை விளைந்தால் இங்கே 58 முதல் 66 மூட்டைதான்.

உரம் பாதியாகக் குறைந்தும் விளைச்சல் ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது என்றால், மீதியை யார் கொடுத்தது? மண்ணே கொடுத்தது. மண்புழுவும் நுண்ணுயிரும் சம்பளமில்லாமல் வேலை செய்தன.

சரி, கொம்புச் சாணம் என்ன ஆயிற்று? பயனைத் தந்தது மக்கிய மாட்டெருவா, கொம்பில் புதைத்ததா என்று தனியாகப் பிரித்துப் பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டிலும் 2005ஆம் ஆண்டிலும் வெளியான ஆய்வுகளில், இந்தத் தயாரிப்புகளைத் தெளித்த மண்ணுக்கும் தெளிக்காத மண்ணுக்கும் சொல்லத்தக்க நிலையான வேறுபாடு தெரியவில்லை. நிலவு நாட்காட்டிக்கும் உறுதியான சான்று கிடைக்கவில்லை. அதாவது, ஸ்டைனர் சொன்ன முதற்பாதி, மாடும் மண்ணும் பயிரும் ஒரு வட்டம் என்ற பாதி, அளவையில் நின்றது. இரண்டாம் பாதி நம்பிக்கையாகவே நிற்கிறது. நம்புகிறவர் நம்பட்டும். ஆனால் மக்கிய எருவின் புகழைக் கொம்புக்குக் கொடுத்துவிடக் கூடாது.

இப்போது பணத்தின் கணக்குக்கு வருவோம். 1993இல் நியூசிலாந்தில் அருகருகே உள்ள 16 பண்ணைகளை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று வெளிவந்தது. உயிராற்றல் பண்ணைகளின் மண் மேலானது. ஹெக்டருக்குக் கிடைத்த வருமானம் மற்றப் பண்ணைகளுக்குச் சளைத்ததல்ல என்பது அதன் முடிவு. அது எப்படி முடியும்? நாமே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இது விளங்குவதற்காக நாம் கற்பித்த கணக்குதான்.

ஒரு விவசாயி இரசாயன முறையில் 100 மூட்டை விளைவிக்கிறார். மூட்டை 10 வெள்ளி. வரவு 1,000 வெள்ளி. உரத்துக்கும் மருந்துக்கும் 250 வெள்ளி, கூலிக்கும் மற்றச் செலவுக்கும் 400 வெள்ளி. கையில் மிஞ்சுவது 350 வெள்ளி.

பக்கத்து நிலத்துக்காரர் உயிராற்றல் முறைக்கு மாறுகிறார். விளைச்சல் 80 மூட்டை. அதே 10 வெள்ளி விலை என்றால் வரவு 800 வெள்ளி. உரச் செலவு பாதி, 125 வெள்ளி. களை எடுக்கவும் எரு மக்கவைக்கவும் ஆள் கூடுதல். ஆகவே கூலியும் மற்றதும் 450 வெள்ளி. மிஞ்சுவது 225 வெள்ளி. முன்னவரைவிட 125 வெள்ளி குறைவு. மண் கொழுத்தது; பை மெலிந்தது.

முத்திரை கிடைத்து மூட்டை 12 வெள்ளிக்குப் போனால்? வரவு 960 வெள்ளி. மிஞ்சுவது 385 வெள்ளி. முன்னவரைவிட 35 வெள்ளி கூடுதல். ஆனால் முத்திரை உடனே கிடைப்பதில்லை. மாறத் தொடங்கி இரண்டு மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் விளைச்சலும் குறைவு. விலையும் பழைய விலை. மூன்று ஆண்டு இழப்பு 375 வெள்ளி. ஆண்டுக்கு 35 வெள்ளி வீதம் அதை ஈடுகட்ட ஏறக்குறைய 11 ஆண்டுகள் ஆகும். மூட்டைக்கு 13 வெள்ளி கிடைத்தால் மூன்றே கால் ஆண்டில் ஈடாகிவிடும்.

ஆகவே இந்த முறை கட்டுப்படியாகுமா என்ற கேள்விக்கு விடை வயலில் மட்டும் இல்லை. அது சந்தையிலும் இருக்கிறது. காத்திருக்கும் மூன்று ஆண்டுகளுக்கு யார் சோறு போடுவது என்பதிலும் இருக்கிறது. உலகில் 60க்கும் மேற்பட்ட நாடுகளில் டிமீட்டர் முத்திரைப் பண்ணைகள் இருந்தும், மொத்த விளைநிலத்தில் அவை கடுகளவே. காரணம் இதுதான்.

காத்திருக்கும் காலத்தை மறந்தால் என்ன ஆகும் என்பதை இலங்கையில் கண்டோம். அது உயிராற்றல் முறை அல்ல. ஆனால் பாடம் இங்கும் பொருந்தும். 2021ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு இரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று நிறுத்தியது. ஈடு செய்ய எரு இல்லை; மாடு இல்லை; பழக்கமும் இல்லை. நெல் விளைச்சல் சரிந்தது. அவ்வாண்டு நவம்பரிலேயே தடையைத் தளர்த்தினார்கள். அதற்குள் சேதம் நேர்ந்துவிட்டது. 2021இல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் சுமார் 25 கோடி கிலோவாக இறங்கியது. எரிபொருள் தட்டுப்பாடும் அதற்குக் காரணம் என்பது உண்மை. எனினும் உரமில்லாத செடியில் கொழுந்து குறைந்தது. கொழுந்து குறைந்தால் யாருடைய கூடை நிறையாது? மலையகத்தில் வாழும் நம் உறவுகளின் கூடைதான். மேலே செய்த தவறு கீழே இருந்தவர் கூலியில் வந்து விழுந்தது.

பொறுமையாகச் செய்த இடமும் உண்டு. 1977இல் இப்ராகிம் அபுலேஷ் என்பவர் எகிப்து நாட்டில், கெய்ரோ நகருக்கு வடகிழக்கே உள்ள பாலைவனத்தில் செகெம் என்னும் பண்ணையைத் தொடங்கினார். சுமார் 70 ஹெக்டர் மணல். எருவைக் கொண்டு அதைப் படிப்படியாக மண்ணாக்கினார். அக்காலத்தில் எகிப்தில் பருத்திக்கு விமானத்திலிருந்து மருந்து அடித்தார்கள். அது காற்றில் வந்து இவர் பயிரிலும் விழுந்தது. 1990களில் செகெம் உயிராற்றல் முறையில் பருத்தி பயிரிட்டு, பூச்சிகளைக் கவரும் வாசனைப் பொறிகளால் கட்டுப்படுத்திக் காட்டியது. அரசு அதைப் பார்த்துத் தன் வழியை மாற்றிக்கொண்டது. 2000ஆம் ஆண்டளவில் எகிப்தின் பருத்தி வயல்களில் மருந்தின் அளவு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது. செகெம் தன் ஆட்களுக்குப் பள்ளியும் மருத்துவமனையும் அமைத்தது. மூன்று கணக்கையும் ஒரே புத்தகத்தில் எழுத முயன்ற இடம் என்று அதைச் சொல்லலாம்.

தேயிலைத் தோட்டத்திலும் இம்முறை நடந்திருக்கிறது. டார்ஜிலிங் மலையில் மகைபாரி என்னும் பழைய தோட்டம் உயிராற்றல் முறைக்கு மாறிப் புகழ் பெற்றது. பௌர்ணமி இரவில் பெண்கள் தீப்பந்த வெளிச்சத்தில் பறித்த அதன் தளிர்த் தேயிலை 2014இல் கிலோ 1,850 அமெரிக்க டாலருக்கு விலைபோனது. வியப்பான விலை! ஆனால் அது மிகச் சிறிய அளவுக்குக் கிடைத்த விலை. மேலும், அந்த வட்டாரத்தில் நாட்கூலியை அரசும் நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் கூடிப் பேசி எல்லாத் தோட்டங்களுக்கும் பொதுவாக முடிவு செய்வதே வழக்கம். தேயிலை விலை ஏறுவதால் மட்டும் கூலி தானாக ஏறாது. ஏற வேண்டுமானால் அதற்கென்று பேச வேண்டும்.

நேயர்களே, இனி நம் வீட்டு வாசலுக்கு வருவோம். இந்நாட்டு ரப்பர், செம்பனைத் தோட்டங்கள் உயிராற்றல் தோட்டங்கள் அல்ல. இருந்தும் அந்த வட்டத்தின் சில துண்டுகள் இங்கும் உண்டு. கன்று நட்ட நிலத்தில் பயற்றுக் கொடிகளைப் படரவிடுவதைப் பார்த்திருக்கிறோம். அவை காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து மண்ணுக்குத் தருகின்றன. ஆலையில் பழம் பிரித்தபின் மிஞ்சும் வெறுங்குலையை மீண்டும் மரத்தடியில் பரப்புகிறார்கள். எலியைப் பிடிக்க ஆந்தைக்குக் கூண்டு வைக்கிறார்கள். இவற்றுக்குக் கொம்பும் வேண்டாம், நிலவும் வேண்டாம். கட்டுப்படியாவதால்தான் நிர்வாகங்களே செய்கின்றன.

கட்டுப்படியாகாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். முதுகில் தோம்பைச் சுமந்து களைக்கொல்லி அடித்த பெண்கள் நம் குடும்பங்களில் உண்டு. நகம் கறுத்தது, கண் எரிந்தது, மூக்கில் ரத்தம் வந்தது என்று அவர்கள் சொன்னதை நாம் கேட்டிருக்கிறோம். அவற்றில் மிகக் கொடியதான பாரக்குவாட் என்னும் மருந்தைத் தடை செய்வதாக மலேசியாவில் 2002இல் அறிவித்தார்கள். 2006இல் அந்தத் தடையைத் தளர்த்தினார்கள். இறுதியில் 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள்தான் அது முழுமையாக நின்றது. அறிவிப்புக்கும் தடைக்கும் இடையே 17 ஆண்டுகள் கழிந்தன. மருந்து மலிவு, ஆள் கூலி அதிகம் என்று கணக்குப் போட்ட நாட்களில், அந்தப் பெண்களின் கண்ணும் நகமும் எந்தப் புத்தகத்தில் எழுதப்பட்டன? எதிலும் இல்லை. எழுதப்படாத செலவு இல்லாத செலவு ஆகிவிடுமா? அதை அவர்கள் உடம்பு கட்டியது.

நஞ்சில்லாத விவசாயம் லாபமா நஷ்டமா என்று பார்க்கும்போது இந்தச் செலவையும் எடுத்துப் போட வேண்டும். அப்போது 20 விழுக்காட்டுக் குறைவு வேறு விதமாகத் தோன்றும். அதே சமயம், மருந்து போனால் களை போய்விடாது. அதைக் கையால் எடுக்க வேண்டும்; கூடுதல் ஆள் வேண்டும். அந்தக் கைக்கு நியாயமான கூலி இல்லையென்றால், நஞ்சின் சுமையை இறக்கி முதுகுவலியின் சுமையை ஏற்றியதாகத்தான் ஆகும். நம்மில் பலர் இன்று தோட்டத்தை விட்டு நகரங்களுக்கு வந்துவிட்டோம். நாம் நின்ற நிரையில் இன்று பெரும்பாலும் அயல்நாட்டிலிருந்து வந்தவர்கள் நிற்கிறார்கள். அவர்கள் கையும் கைதான்.

ஆகவே, இது மண்ணைக் காக்கும் முறை என்று யாராவது ஒரு முறையை நம்மிடம் கொண்டு வந்தால், மூன்று கேள்விகள் கேட்போம். மண்ணில் புழு கூடியிருக்கிறதா? காத்திருக்கும் காலம் உட்படக் கணக்குச் சரியாக வருகிறதா? அதைச் செய்கிறவர் மாலையில் நலமாக வீடு திரும்புகிறாரா? மூன்றுக்கும் ஆம் என்று விடை வந்தால் அந்த விவசாயம் நிலைக்கும். ஒன்றுக்கு இல்லை என்று வந்தாலும், மற்ற இரண்டும் நெடுநாள் தாங்கா.

வீட்டுக்குப் பின்னால் நாலு முழ நிலம் உள்ளவர்கள் நாளைக்கே தொடங்கலாம். காய்கறித் தோலையும் உதிர்ந்த இலையையும் குழியில் இட்டு, கிடைத்தால் சாணமும் சேர்த்து, ஈரம் காயாமல் மூடி வையுங்கள். சில மாதங்களில் கறுத்து, பொலபொலவென்று, மழை பெய்த மண்ணைப் போல மணக்கும். அந்த வாசனையை நம் பாட்டிமார் அறிவார்கள். பிள்ளைகளையும் அழைத்து முகரச் சொல்லுங்கள்.